மச்சான் தேர்ந்தெடுத்த டிஷ்

அபகூகி என் மச்சான். எங்க தீவுல மச்சானைக் கிண்டல் பண்ணலேன்னாத்தான் கோபம் வரும், அதனால சொல்றேன். ஊர்க் காரியம் எல்லாம் பார்க்கிறவன், மகா விவரமானவன். அப்படின்னு அவனே சொல்லிக்குவான்.

அவன் மக உனாய்சி வீட்டிலிருந்தே நர்ஸ் படிப்பு படிச்சா. கடைசிப் பரீட்சை இணையத்துலதான். நடுவுல நெட் அறுந்தா ஒரு வருஷம் போச்சு.

நெட் விற்க ரெண்டு பேர் வந்தாங்க. முதல்ல வந்தவன் ஒரு சின்னப் பெட்டியை ஜன்னல்ல வச்சான். எதிர்த் தீவு டவர்லேருந்து சிக்னல் பிச்சுக்கிட்டு வந்துச்சு. ஆனா வெறுங்கையோட வந்திருந்தான், தலையில தொப்பி வேற. ரெண்டாமவன் வானத்து சாட்டிலைட்டைப் பிடிக்கிற டிஷ் கொண்டுவந்தான். கூடவே கை பருமன்ல ஒரு கட்டு கவா வேர். வெளியாள் வந்தா ஊர்த் தலைவருக்கு வைக்கிற மரியாதை அது. தலைவர் முன்னால சம்மணம் போட்டு, முறையா கைதட்டி, குனிஞ்சு வச்சான்.

"டேய், பெட்டி நல்லா ஓடுச்சேடா"ன்னேன்.

"ஊருக்குள்ள தொப்பியோட வர்றவனோட சிக்னல் மட்டும் மரியாதையாவா வரும்?"ன்னான் மச்சான்.

நியாயம்தான்! வேரை ரெண்டே நாள்ல இடிச்சுத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுத் தீர்த்தோம்.

டிஷ்ஷைக் கூரையில வைக்கச் சொல்லியிருந்தான் விற்றவன். மச்சான் வீடு மேட்டுல இருக்கு. கூரையில வச்சா தலைவர் வீட்டை விட உசந்துடும். ஆகுமா? அடுக்களைக்குப் பின்னால, ஈரப்பலா மரத்தடியில நட்டான். காத்தடிச்சு இலை விலகினா நெட் வரும்.

பரீட்சை அன்னைக்குக் காத்தே இல்லை.

"அப்பா, நின்னுபோச்சு!"ன்னு உனாய்சி அலறினா. எனக்குக் கிண்டலே வரலை. அபகூகி டிஷ்ஷைப் பிடுங்கிக்கிட்டுக் கூரை உச்சிக்கு ஏறிட்டான். ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சதும் உள்ளே கம்ப்யூட்டர்ல எழுத்து ஓட ஆரம்பிச்சுது.

ஊரே கூடிடுச்சு. தலைவர் தடியை ஊனிக்கிட்டு வந்து, தன் கூரைக்கும் மேலே நிக்கிறவனை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, தப்புதான்... இதோ இறங்கிடறேன்"னு மச்சான் ஒரு காலைக் கீழே இறக்கினான்.

"ஆடாதடா! புள்ளை எழுதிக்கிட்டிருக்கு"ன்னார் தலைவர். அப்புறம் எங்க பக்கம் திரும்பினார். "வேடிக்கையா பார்க்கிறீங்க? ஏறி ஆளுக்கொரு பக்கம் பிடிங்கடா."