பொறுமைக்கு ஐந்து நட்சத்திரம்

அரசாங்கக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்த அன்றே அந்த வீட்டின் ஆண்கள் மூன்று பேரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதென்னவோ மூத்த மருமகள். வேதியியலில் டிப்ளமோ வாங்கியிருப்பவளும் அவள்தான். ஆனால் அவளைப் பற்றி என்ன எழுதுவது என்பதில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெளிவான யோசனை இருந்தது.

மாமனார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முழு நீளத் தாளில், முத்து முத்தான கையெழுத்தில், அவரே ஒரு பயோடேட்டா எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். தகப்பனார் பெயர், கணவர் பெயர், உயரம், இடது முழங்கையில் மச்சம், நற்குடிப் பிறப்பு, நல்லொழுக்கம் எல்லாம் அதில் இருந்தன. அவள் படித்த படிப்பு கடைசிப் பத்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"மாமா, தண்ணியில குளோரின் எவ்வளவு இருக்குன்னு பாக்குறதுக்கு மச்சம் எதுக்கு?"

"அடையாளம்மா அது! நாளைக்கே ஒருத்தன் வந்து நீ நீயில்லன்னு சொல்லிட்டான்னா?"

அப்படி ஒருத்தன் எதற்காக வரப்போகிறான் என்று கேட்க வாயெடுத்து, அவள் அடக்கிக்கொண்டாள்.

கொழுந்தனுக்கு வீட்டில் 'டிசைன்' என்று பெயர். செல்போன் கடை வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடை போர்டு வரை எதைக் கொடுத்தாலும் பூவும் கோடும் போட்டு அலங்கரித்துவிடுவான். அவன் தயாரித்த ரெஸ்யூமில் நீலப் பட்டை, வட்டத்துக்குள் அவள் முகம், அதற்குக் கீழே திறமைகளுக்கு நட்சத்திரங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கு நான்கு, கம்ப்யூட்டருக்கு மூன்று, பொறுமைக்கு ஐந்து.

"பொறுமைக்கு யாரு அஞ்சு போட்டது?"

"நான்தான் அண்ணி. வேணும்னா ஆறாவதும் போடலாம், இடம்தான் பத்தல."

உச்சியில் ஒரு வாக்கியம் இருந்தது. சவால்கள் நிறைந்த சூழலில் தன் ஆற்றலை மெருகேற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணைநிற்பதே அவளுடைய லட்சியமாம். அப்படியொரு லட்சியம் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு?"

"ஏங்க, ஒரு தடவையாவது ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்களேன்!"

"அப்ப... கலரா இருக்கே, அதை அனுப்பு."

கடைசித் தேதி மறுநாள். அவளுக்கும் வேலைக்குப் போகும் அவசரம். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் அப்போது இருந்தாள். நீலப் பட்டையே போய்ச் சேர்ந்தது.

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் அவள் இல்லை. 'அனுபவம் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுக்களையில் பாத்திரங்கள் பேசின. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அந்த அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மாவுக்கு அவளைவிட எரிச்சல். பின்னால் மேசை, அலமாரி, தரை என்று பாக்கியில்லாமல் விண்ணப்பக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"மேடம், தண்ணி டெஸ்ட் பண்ணத் தெரியும்னு எழுதியிருக்கேனே. பாட்டில் தண்ணி கம்பெனியில ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை பாத்திருக்கேன்."

"எங்க எழுதியிருக்கீங்க? நாலு ஸ்டார் போட்டிருக்கீங்க. அந்த ஸ்டாரை நான் எந்தக் கணக்குல சேக்குறது, சொல்லுங்க?"

அந்த அம்மா விளம்பரத் தாளை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"விளம்பரத்துல நாங்க என்னென்ன கேட்டிருக்கோம்? படிப்பு, ரெண்டு வருஷ அனுபவம், இன்னின்ன பரிசோதனை. நாங்க கேட்ட அதே வரிசையில நீங்க சொல்லியிருந்தா டிக் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். ஒருத்தரோட தகுதியை நான் தேடிக் கண்டுபிடிக்கணும்னா, இந்தக் கட்டு எல்லாத்தையும் பாக்க நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும். அடுத்தது யாருங்க?"

அவமானமாக இருந்தது. அந்த அம்மா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த விளம்பரம் வருவதற்கு மழைக்காலமே வந்துவிட்டது. இம்முறை மாமனார் பேனா மூடியைத் திறக்கும் முன்பே, "யாரும் எதுவும் எழுத வேண்டாம், நான் எழுதிக்கிறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். விளம்பரத்தில் கேட்டிருந்ததை ஒவ்வொரு வரியாக இடது பக்கம் எழுதினாள். வலது பக்கம் தன்னிடம் இருப்பது.

படிப்பு சுலபமாக முடிந்தது. அனுபவத்தில் பேனா நின்றது. 'தண்ணீர்ப் பரிசோதனைப் பணிகளைச் செய்தேன்' என்று எழுதிவிட்டுத் தானே படித்துப் பார்த்தாள். இதைப் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? அடித்தாள். பாட்டில் நிரப்பும் லைனிலிருந்து தினமும் மாதிரி எடுத்ததை எழுதினாள். குளோரின், கலங்கல், உப்பு, கடினத்தன்மை என்று தன் கையால் பார்த்தவற்றைப் பெயர் சொல்லி எழுதினாள். கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கரைசலைத் தயாரித்ததை எழுதினாள். ஒருமுறை குளோரின் அளவு மீறிப்போனதைக் கண்டு, பாட்டில் நிரப்புவதையே நிறுத்தச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினாள்.

எழுதினால் மட்டும் போதாதே, சான்றிதழ் வேண்டுமே. பழைய கம்பெனி கொடுத்த தாளைத் தேடி எடுத்தாள். அதில் அவள் நல்லவள், அமைதியானவள், எல்லோரிடமும் பணிவாகப் பழகியவள் என்றெல்லாம் இருந்தது. என்ன வேலை பார்த்தாள் என்பது மட்டும் இல்லை.

அந்தக் கம்பெனிக்கே போனாள். மேனேஜர் அவளைப் பார்த்ததும், "லைனை நிறுத்தின பொண்ணுதானே நீ?" என்றார். மறக்கவில்லை மனிதர்.

"சார், என்னென்ன டெஸ்ட் பண்ணினேன்னு இதுல இல்ல. அதைச் சேத்துக் கொடுத்தீங்கன்னா..."

"நல்ல பொண்ணுன்னு எழுதிக் கொடுத்திருக்கேனேம்மா. அதுக்கு மேல ஒரு ஆபீஸுக்கு என்ன வேணும்?"

"நல்ல பொண்ணு ஊர் பூரா இருக்கு சார். அவங்களுக்கு டெஸ்ட் பண்ணத் தெரிஞ்ச பொண்ணு வேணுமாம்."

அவர் சிரித்துவிட்டு, நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர் வெளியூர். மறுபடி போனபோது அவர் இருந்தார், முத்திரை இருந்த அலமாரிச் சாவி இல்லை. அதற்கடுத்த முறை சாவியும் இருந்தது, அவரும் இருந்தார். ஆனால் லைனை நிறுத்திய வரியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இது வேண்டாம்மா. எங்க தண்ணியில கோளாறுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

அந்த வரியை எடுத்துவிட்டு வேறு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். சான்றிதழில்தான் எடுத்தாள். தன் ரெஸ்யூமில் அதை அப்படியே விட்டுவைத்தாள். நடந்தது நடந்ததுதானே.

டிசைன் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் பெரிய சண்டை வந்தது. பாட்டில் கம்பெனிக்கும் இப்போதைய ஆய்வகத்துக்கும் நடுவே நான்கு வருடங்கள் காலியாக இருந்தன. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை அவள் பார்த்துக்கொண்ட வருடங்கள் அவை. மாமியார் இறந்தபிறகுதான் மறுபடி வேலைக்குப் போனாள்.

"அண்ணி, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு இழுத்து விட்டுடலாம். யாரு வந்து பாக்கப் போறா?" என்றான் டிசைன்.

"சான்றிதழ்ல ஒரு தேதி, இதுல ஒரு தேதியா? தம்பி, நீ டைப் மட்டும் அடி."

"அப்ப காலியாவே விட்டுடு. ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றான் கணவன்.

மாமனார் மெதுவாகச் சொன்னார். "ஆமாம்மா, விட்டுடு. வீட்டு விஷயம் ஆபீஸுக்கு எதுக்கு? அவ படுக்கையில கிடந்ததை யாரோ நாலு பேரு படிக்கணுமா?"

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நாலு வருஷம் நான் காணாமப் போயிட்டேனா மாமா? திருப்பிப் படுக்க வெச்சது, குளிப்பாட்டினது, குழாய் வழியா கஞ்சி கொடுத்தது எல்லாம் யாரு? அதை எழுதலேன்னா, படிக்கிறவங்க நான் வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னுதானே நினைப்பாங்க?"

மாமனார் எழுந்து தன் அறைக்குள் போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு ஒரு பக்கம் உறுத்தியது. சொன்னதில் என்ன தப்பு என்று இன்னொரு பக்கம் கொதித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவருகே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"'மாமியாரின் நோய்க்காலப் பராமரிப்பு'ன்னு போடு. தேதி போடு. ஒரு வரி போதும்மா."

ஒரு வரிதான் போட்டாள்.

ஒன்றரைப் பக்கம் வந்தது ரெஸ்யூம். படம் இல்லை, பட்டை இல்லை. பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று டிசைன் வருத்தப்பட்டான்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "நாலு வருஷம் வீட்டுல இருந்திருக்கீங்க. கை மறந்திருக்குமே?"

"மறந்துதான் இருந்துச்சு மேடம். திரும்ப வேலைக்குப் போன முதல் வாரம் அளவைத் தப்பாப் படிச்சு, திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவை பாக்காம எதையும் எழுதுறதில்ல."

ஓரத்தில் இருந்தவர் முன்னால் சாய்ந்தார். "லைனை நிறுத்தினேன்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார். மேனேஜரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டுட்டு வர்றதுக்குள்ள பாட்டில் எல்லாம் லாரியில ஏறியிருக்கும்."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"அதை இங்க சொல்ல முடியாது சார்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு பரிசோதனைகளைப் பற்றி விடாமல் கேட்டார்கள். அதில் ஒன்றுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

வேலை கிடைத்தது. இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய ஊரில் போட்டார்கள். உத்தரவு வந்த அன்று மூன்று ஆண்களும் அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்ததால்தான் கிடைத்தது என்று டிசைன் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். அவள் மறுக்கவில்லை. மறுக்க ஆரம்பித்தால் அது ஒரு நாள் வேலை.

புதிய கூடத்தில் முதல் வாரமே ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் ஒரு கூடை நிறைய மாதிரிப் பாட்டில்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அவள் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். எதிலும் ஓர் எழுத்து இல்லை.

"அண்ணே, நில்லுங்க! இது எந்த ஊர்த் தண்ணி?"

"எல்லாம் சுத்துப்பட்டு ஊருதாம்மா."

"எந்தக் கிணறு, எந்தக் குழாய், என்னைக்கு எடுத்தது?"

"நல்ல தண்ணிதாம்மா, பாத்தாலே தெரியுதே!"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒட்டும் சீட்டுக் கட்டையும் ஒரு பேனாவையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உக்காருங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க, ஒவ்வொண்ணா எழுதுங்க. முடிச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் சாப்பிடப் போறோம்."