கூட்டமே இல்லாத ஊர்ல அம்மா மயங்கினப்போ

டூர்னா கூட்டமே இல்லாத ஊரா தேடிப் போய் இன்ஸ்டால சீன் போடுற ஆளா நீங்க? நானும் அதே கேஸ்தான். ஆக்லாந்துல இருந்து அம்மாவை இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோம், வெனிஸ் எல்லாம் மொக்கைன்னு சொல்லிட்டு, யாரும் போகாத ஒரு குட்டி மலை ஊரைப் பிடிச்சேன். காரைக் கீழேயே விட்டுட்டு படிக்கட்டுல ஏறணும்.

அன்னைக்கு அம்மாவுக்கு சஷ்டி விரதம். எதுவும் சாப்பிடல, ஆனா சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல போட்டுட்டாங்க. அது எனக்கும் தெரியும்.

"ஒரு வாழைப்பழமாவது சாப்பிடும்மா."

"போடி, நீ டயட்னு பட்டினி கிடந்தா ஃபேஷன், நான் கிடந்தா தப்பா?"

சிரிச்சுட்டு விட்டுட்டேன். சாப்பாட்டுப் பையையும் கார்லயே வச்சுட்டேன்.

பாதி ஏறினதும் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "கண்ணு இருட்டுதுடி"ன்னு சொல்லி அப்படியே சரிஞ்சாங்க, தலை கல்லுல மோதுச்சு. மத்தியானம் ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்குற நேரம், ஒரு கடையும் திறக்கல. தெருவுல ஒரு ஆள் இல்ல. கதவு கதவா தட்டினேன். கடைசியா ஒரு பாட்டியம்மா வெளிய வந்து, அம்மா கன்னத்துக்குள்ள சர்க்கரையைத் தடவினாங்க. ஆம்புலன்ஸும் மேல வர முடியாது. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுத்தான் இறங்கினாங்க.

இப்பல்லாம் குளுக்கோஸ் இல்லாம நான் வெளிய கிளம்புறதில்ல. விரதம்னா மாத்திரையை என்ன பண்றதுன்னு முதல்ல டாக்டர்கிட்ட கேக்குறேன்.

அம்மா இப்போ ஆக்லாந்துல, பிளாட் புஷ் ஏரியால இருக்கிற எங்க வீட்டுல, பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. என் பேரு அவங்களுக்கு இன்னும் ஞாபகம் வரல.