மைல்கல்லில் சாத்திய குடை

பட்டுக்கோட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே பிரகதாம்பாள் மோட்டார் சர்வீஸ் வைத்ததுதான் நேரம். அந்த நேரத்தையும் மேலத்தோப்பில் ஒரு குடை மாற்றிவிடும். அது மிராசுதார் துரைக்கண்ணுவின் குடை. அவர் பஸ் முதலாளிக்குச் சம்பந்தி. மைல்கல்லில் குடை சாத்தியிருந்தால், அவர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு வரும்வரை வண்டி நிற்க வேண்டும். உள்ளே ஒருத்தி பிரசவ வலியில் துடித்தாலும் நிற்க வேண்டும். டிரைவர் ஜெய்னுலாபுதீனின் கால், குடையைக் கண்டதும் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும்.

கண்டக்டர் வைரக்கண்ணுவின் அப்பா ரெத்தினம் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். பல வருஷம் குடையைக் கொண்டுவந்து சாத்தியவரே அவர்தான். மகன் எட்டாவது படித்து, கண்டக்டர் லைசென்ஸ் வாங்கி, அந்தத் தெருவிலேயே முதல் ஆளாகக் காக்கிச் சட்டை போட்டான். அது கழன்றால் மறுபடி அதே பண்ணை வயல்தான். அதனால் வைரக்கண்ணு விசிலைத் தவிர வேறெதையும் சத்தமாக ஊதுவதில்லை.

தனியார் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று டீக்கடைதோறும் பேச்சாயிருந்த வருஷம். தை மாத அறுவடையில் கூலிச் சண்டை. துரைக்கண்ணு இறக்கிய வெளியூர் ஆட்களை மறித்ததற்காக மேலத்தோப்பு ஆண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பட்டுக்கோட்டை கோர்ட்டில் அவர்களை நிறுத்தும் நாளில் பெண்கள் போய்ச் சேர வேண்டும். கூட்டமாக நின்று கை காட்டினால் பிரகதாம்பாள் வேகத்தைக் கூட்டிப் பறந்துவிடும்.

அன்று காலை மைல்கல்லில் குடை. பக்கத்தில் ஆளில்லை. ஜெய்னுலாபுதீன் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பீடி பற்றவைத்தார். வாய்க்கால் கரைக்குப் பின்னாலிருந்து பெண்கள் எழுந்து வந்து திமுதிமுவென்று ஏறினார்கள். முதலில் ஏறியவள் வைரக்கண்ணுவின் அத்தை தங்கம்மாள். மைல்கல்லிலிருந்த குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு, இன்னொருத்தியோடு நேராகத் துரைக்கண்ணு உட்காரும் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இது யாரு குடை?"

"முத்துப்பேட்டை மீரா உசேன் கடையில எரவல் வாங்கினதுடா. கம்பிய வளச்சுராம அந்த மூலையில வையி."

அதற்குள் துரைக்கண்ணு வந்துவிட்டார். அவருடைய குடை பின்னால் ஆள் கையில் வந்தது. குடை வைக்கும் முன்பே வண்டி நிற்கிறதே என்று பூரிப்போடு ஏறியவர், முன்சீட்டைப் பார்த்து நின்றார்.

"டேய் வைரக்கண்ணு, எந்திரிக்கச் சொல்லு."

வண்டியே அவனைப் பார்த்தது. அவன் சட்டைப் பொத்தானை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"குடைக்கு நிக்கணும்னுதாங்க உத்தரவு. நின்னாச்சு. குடை வச்சவங்களும் ஒக்காந்தாச்சு."

"கொஞ்சம் ஒடம்ப ஒடுக்கிக்கிட்டீங்கன்னா மூணாவது ஆளா ஒக்காரலாம், வாங்க" என்றாள் தங்கம்மாள்.

அவர் உட்காரவில்லை. பட்டுக்கோட்டை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ஷெட்டில் முதலாளி காத்திருந்தார்.

"சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போ."

வைரக்கண்ணு பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். "காரணத்த எழுதிக் குடுத்துருங்க மொதலாளி. லேபர் ஆபீஸ்ல கேப்பாங்க."

முதலாளி பேனாவைத் திறந்தார். குடைக்கு வண்டியை நிறுத்தினான் என்று எழுதினால், யார் குடைக்கு, எத்தனை வருஷமாக என்று கேட்பார்கள். பெர்மிட்டைப் பிடுங்க ஒரு சாக்குத் தேடுகிறவர்கள் கையில் இதையா கொடுப்பது? பேனா முனை காய்ந்துபோயிற்று.

"பொத்தானப் போடு" என்றார். "இனிமே எவன் குடைக்கும் வண்டி நிக்கக் கூடாது."

மறுநாள் மைல்கல்லில் குடை இருந்தது. ஜெய்னுலாபுதீனின் கால் வழக்கம்போல் பிரேக்குக்குப் போயிற்று. நிற்காமல் போகச் சொல்லி வைரக்கண்ணு ரெண்டு விசில் கொடுத்தான். பின்கண்ணாடி வழியே பார்த்தபோது, துரைக்கண்ணு எச்சில் கையோடு ரோட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார்.