ஏப்பம் அளக்கும் அக்கா

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாள். இவ்வளவு படித்த பெண் மாட்டு ஏப்பத்தை அளக்கிறாள் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்? எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 'ஏப்பக்கா' என்று அவளுக்குப் பேர் வைத்ததே நான்தான். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

விஷயம் இதுதான். மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் மீத்தேன் வாயு உண்டாகி ஏப்பமாக வெளியே வரும். தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும்கூட அது கிளம்பும். பூமியைச் சூடாக்குவதில் பொல்லாத வாயு. விவசாயத்தாலும் நிலத்தாலும் அது வருஷத்துக்கு எவ்வளவு வெளியேறுகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாடு கணக்குச் சொல்லியாக வேண்டும். வயலை அளக்க வேறு ஆட்கள் உண்டு. மாடுகள் அக்காவின் பங்கு. கழுத்தில் ஓர் எஃகுக் குப்பியைக் கட்டி, மூக்கருகே மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்திவிட்டு வருவாள். ஒரு நாள் ஏப்பம் அதில் சேர்ந்ததும் மறுநாள் போய் அவிழ்ப்பாள். தும்மல், எச்சில், வாலடி எல்லாம் சம்பளத்தோடு இலவசம்.

அவள் போகும் பால் சங்கத்து மாடுகளின் சராசரியை வைத்துத்தான் நாட்டிலுள்ள மொத்த மாடுகளுக்கும் கணக்குப் போடுவார்கள். மேலதிகாரியின் அறைச் சுவரில் அந்தக் கணக்கு ஒரு கோடாகத் தொங்கியது. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போன கோடு. அக்காவின் வேலையோ வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. "இந்தக் கோடு ஒரு தடவை கீழ இறங்கட்டும்மா. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். மாடு ஏப்பம் விடுவதற்கு இவள் என்ன செய்வாள்? அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பால் சங்கத் தலைவியான பால்காரம்மாவிடம் மட்டும் ஒரு நாள் சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

அந்த வருஷம் கோடு இறங்கியது. கொஞ்ச நஞ்சமல்ல, சறுக்குமரத்தில் உட்கார்ந்த மாதிரி இறங்கியது. சங்கத்து மாடுகளுக்குக் கொடுத்த புதுத் தீவனத்தின் மகிமை என்று மேலதிகாரி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அம்மா முதன்முறையாக அக்கம்பக்கத்தில் அக்காவின் வேலையைப் பற்றித் தானாகவே பேசினாள்.

அடுத்த சுற்று அளவைக்குப் போனபோது அலுவலக வண்டி பழுது. நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். முந்தின நாள் கட்டிய குப்பி பால்காரம்மா வீட்டு மாட்டின் கழுத்தில் பத்திரமாக இருந்தது. குழாயைத்தான் காணோம். மாடு அதைத் தின்றுவிட்டிருந்தது.

அக்கா தீவனத் தொட்டியைப் பார்த்தாள். நக்கித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"என்னம்மா இது? மாடு பட்டினியா?"

பால்காரம்மா முந்தானையைத் திருகினாள். "நீ வர்றதுக்கு மொத நாளே தீனியக் குறைச்சிடுவோம் கண்ணு. நான் மட்டுமில்ல, சங்கத்துல எல்லாரும்தான். தின்னாத்தானே ஏப்பம் வரும்? கோடு இறங்கினா உனக்கு வேலை நிரந்தரமாகும்னு சொன்னியே."

"பால் குறைஞ்சிருக்குமேம்மா!"

"குறைஞ்சா குறையுது. நம்ம பொண்ணுக்குத்தானே."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், "காதும் காதும் வெச்ச மாதிரி விட்டுடுடி. வலிய வர்றத ஏன் தள்ளற?" என்றேன்.

"அந்தக் கோட்டைப் பாத்துட்டு, ஆக வேண்டியது ஆயிடுச்சுன்னு எல்லாரும் கையக் கட்டிட்டு உக்காந்துடுவாங்கடி" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாம் மாடி வீடு கட்டுகிறார்கள். இவளுக்கு ஒரு கத்தரிக்காயை மறைக்கத் தெரியவில்லை.

மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இது யாருக்கும்மா தெரியும்?" என்றாராம்.

"மாட்டுக்குத் தெரியும் சார்."

சிரித்துவிட்டாராம் மனிதர். பிறகு பெருமூச்சுவிட்டு, சிபாரிசை நிறுத்திவைத்து, முதலிலிருந்து அளக்கச் சொன்னார்.

அங்கேதான் வம்பு. அக்கா வீடு வீடாகப் போய், வழக்கம்போலத் தீனி போடுங்கள் என்று கெஞ்சினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த முறை போனால் மாடுகளின் வயிறு ஒட்டிக்கிடந்தது. பாசம் வந்துவிட்டால் அவர்களுக்குக் கண்மண் தெரியாது. அவளுக்கு வேலை நிரந்தரமாகும்வரை அந்த மாடுகளுக்கு விமோசனம் இல்லை என்று புரிந்துபோனது.

மறுவாரம் பால் சங்கத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கறவை முடிந்து எல்லோரும் கூடியிருந்த நேரம்.

"வேலை நிரந்தரமாயிடுச்சும்மா" என்றாள். "உத்தரவு வந்துடுச்சு. இனிமே கோடு ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு ஒண்ணுமில்ல. மாட்டுக்கு வயிறாரப் போடுங்க."

கொட்டகையே அமர்க்களப்பட்டது. பால்காரம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு பெரிய டம்ளர் நிறையப் பாலில் சர்க்கரையைக் கொட்டிக் கொண்டுவந்தார்கள். அக்கா கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான் சாவியைத் தேடுகிற மாதிரி வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

உள்ளே தொட்டிகளில் தீனி கொட்டும் சத்தம் கேட்டது. அக்கா ஒவ்வொரு மாடாகக் குப்பியைக் கட்டிவிட்டு வந்தாள். பால்காரம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"உங்கம்மா கேட்டதும் என்ன சொன்னாங்க கண்ணு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்கூட்டரில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை திரும்பியதும், "வராத உத்தரவு அம்மா காதுக்குப் போயிடக் கூடாதுடி" என்றாள். நான் வண்டியை நிறுத்தவில்லை.