பென்சிலில் எழுதிய குழிப் பெயர்கள்

கல்கத்தாவில் ஒரு நிலக்கரி ஆபீசில் நான் பியூன். அங்கே ஒரு தஞ்சாவூர் குமாஸ்தா இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் பென்சில். சுரங்கங்களின் பெயர்ப் பதிவேடு அவர் பொறுப்பு. முதலாளியான வெள்ளைக்காரத் துரை தன் மகள்களின் பெயரையே சுரங்கங்களுக்கு வைத்திருந்தார். சுரங்கத்திலிருந்து யார் வந்தாலும் குமாஸ்தா, "அங்கே நம்ம ஜனங்க அதை என்னன்னு சொல்றா?" என்று கேட்டு, அதையும் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார்.

துரை அதைப் பார்த்துவிட்டார். சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சேலத்துக்காரர் ஒருவர் மகனைத் தேடி வந்தார். "நரிக்குழியில வேலைன்னு பையன் எழுதியிருந்தானுங்க. மூணு நாளா அலையறேன். அப்படி ஒரு குழியே இல்லைங்கறாங்க."

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "ஆலிஸ் சுரங்கம்தான் நரிக்குழி. ஜாரியா பக்கம். சாயங்காலமே ரயில் இருக்கு, ஓடும்."

அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். குமாஸ்தா பெருமூச்சு விட்டு என்னிடம் கை நீட்டினார்.

"ரப்பரைக் கொண்டாடா."

"தீர்ந்துபோச்சு சாமி."

புது ரப்பர் என் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். சனிக்கிழமை துரை கேட்டபோதும் ரப்பர் தீர்ந்தேதான் இருந்தது.

"நீங்க குழிக்குள்ள இறங்கியிருக்கீங்களா சாமி?" என்று பிறகு கேட்டேன்.

"நானா? எனக்கு இருட்டுன்னா பயம்டா."

இன்றும் அவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.