பை குட்டையாக இருந்தது

எங்கள் கட்டடத்தில் முதல் மாடிக்கு ஏறும்போது, படி திரும்புகிற இடத்தில் ஒரு பீம் தாழ்ந்து நிற்கும். புனே பக்கத்து நிக்டியில் அந்தக் காலத்தில் தொழிலாளிக் குடும்பங்களுக்காகக் கட்டியது. கட்டியவன் உலகத்தில் எல்லாரும் என் உயரம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் நிமிர்ந்தே போவேன். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் இடித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டு பீமைத் திட்டுவார். ஒருநாள் பழைய மெத்தையிலிருந்து ஒரு துண்டு ஃபோமை அறுத்து, கம்பியால் அதைச் சுற்றிக் கட்டிவிட்டார். பிறகும் இடித்துக்கொண்டார், திட்டுவது மட்டும் நின்றது.

ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டது. கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவரும் அவர் மனைவியும்தான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சாகணில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குக் குவாலிட்டி வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதை வந்த பத்திரிகை தபாலில் வந்தால் எனக்கு முன்னால் அண்ணன் பிரித்துவிடுவார்.

"தம்பி, உன் கதையில ஒருத்தனும் சோறு துன்றதே இல்லியே. எல்லாம் குந்திக்கினு யோசிக்கிறானுங்க" என்பார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் சொல்வது சரி என்பதால் வருகிற கோபம் அது.

கொரோனா இரண்டாம் அலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது, நாற்காலியில் வைத்து இறக்குகிறோம் என்றதற்கு ஒப்பாமல் நடந்தே இறங்கினார். பீமில் ஃபோம் மேல் தலை இடித்தது. திரும்பிப் பார்த்து, முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கண் சுருங்கியதை வைத்துச் சொல்கிறேன்.

அதன் பிறகு எல்லாம் போனில். அக்காவுக்கும் காய்ச்சல், வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. ஒரே மகள் வாகட்டில் ஐடி வேலை. அவள் இருந்த குடியிருப்பை வாசலில் கட்டை போட்டு மூடியிருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் என் நம்பரையும் கொடுத்திருந்தோம். தினமும் மாலையில் ஒருவன் அக்காவுக்கு போன் செய்து "ஸ்டேபிள்" என்பான். சாப்பிட்டாரா என்று கேட்டாலும் ஸ்டேபிள், தூங்கினாரா என்று கேட்டாலும் ஸ்டேபிள். ஒருநாள் காலையில் வேறொரு குரல் என்னைக் கூப்பிட்டு, நேராகச் சுடுகாட்டுக்கு வந்துவிடச் சொன்னது.

நான் மட்டும் போனேன். கேட்டுக்கு வெளியே கயிறு கட்டியிருந்தது. வண்டிகள் தெருமுனை வரைக்கும் நின்றன. உடம்பு முழுக்க நீல உறை போட்டவர்கள் ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே கிடந்த பைகளில் ஒன்றைக் காட்டி, "யே ஆப்கா" என்றார்கள். இது உங்களுடையது. கடையில் துணிமூட்டையை அடையாளம் காட்டுகிற மாதிரி இருந்தது. முகம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கையை ஆட்டினார்கள். நான் தலையசைத்தேன். அவ்வளவுதான் என் வேலை. அக்கா சார்பிலும் மகள் சார்பிலும் உலகத்தின் சார்பிலும் நான் ஒரு தடவை தலையசைத்தேன், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் ஒரு சாம்பல் பானையும் இறப்புச் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள்.

அன்று மாலை டிவியில் ஊரில் இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நின்ற ஒரு வாசலுக்கே அந்த எண் பற்றாது என்று தோன்றியது. இத்தனைக்கும் காகிதத்தை நம்பாதது எனக்கு அன்று வந்த குணமில்லை. கம்பெனியில் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்போது, திறந்து பார்க்காத பெட்டிமேல் 'ஓகே' ஸ்டிக்கர் எப்படி ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டிக்கரை நம்புகிறவன் வாழ்க்கையில் ஸ்டிக்கர் ஒட்டாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த எரிச்சலில் எழுத ஆரம்பித்தேன். காலியான கட்டிலைப் பற்றி தினமும் ஸ்டேபிள் என்று சொல்லும் ஒரு குமாஸ்தா முதல் கதையில் வந்தான். அடுத்ததில் ஒரு சாம்பல் பானை வீடு மாறிப் போனது. அப்புறம்தான் அந்தக் கதை. சுடுகாட்டு வாசலில் ஒருவன் நிற்கிறான். ஒரு பையைக் காட்டுகிறார்கள். போனவர் உயரமான ஆள். பை குட்டையாக இருக்கிறது. அவன் பார்க்கிறான், பயத்தில் தலையசைத்துவிடுகிறான். யாரையோ எரிக்கிறார்கள். கதையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'சர்டிபிகேட்டுக்கு முகம் கிடையாது.' அந்த வரியைப் பாராட்டி நாலைந்து பேர் போன் செய்தார்கள். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

பத்திரிகையை வழக்கம்போல் அக்காவும் வாங்கிப் படித்தார். திருப்பித் தரும்போது, "நல்லா எழுதிக்கிறீங்க தம்பி" என்றார்.

அவர் பொட்டை அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூவும் வைத்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பெண், பழைய பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று மனதுக்குள் சபாஷ் போட்டேன். வருடத் திதி வந்தபோது உடம்பு சரியில்லை என்றார். அடுத்த வருடம் ஏதோ உறவில் கல்யாணம், இப்போது கூடாது என்றார். அதையும் நான் புரட்சிக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு எதிர்வீடு தெரியாது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

போன கோடையில் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. படிக்கட்டைச் சுரண்டிக்கொண்டு வந்த பெயிண்டர், அழுக்கேறிய அந்த ஃபோமைப் பிய்க்கப் போனான். அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஹாத் மத் லகானா!"

தொடாதே என்று அவர் போட்ட சத்தத்தில் நானும் வெளியே வந்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பைதானே என்றான். அக்கா இந்தியில், மிகச் சாதாரணமாக, தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னார்: அவர் வந்தால் தலையில் இடிக்காதா?

பொட்டு, பூ, தள்ளிப்போன திதி எல்லாம் ஒன்றாக வந்து எதிரே நின்றன. புரட்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மகள் வந்தாள். தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறவள். படிக்க வராது.

"மாமா, அம்மா ரொம்ப ஜித் பண்றாங்க, பிடிவாதம். வாகட் வா, என்கூட இருன்னா, வர மாட்டேன், அதே. அப்பா வந்தா வீடு பூட்டி இருக்குமாம். உங்க ஸ்டோரி எனக்குப் படிச்சுக் காமிச்சாங்க மாமா. முழுசா. அழுவலை, சிரிச்சிட்டே படிச்சாங்க. எனக்கு பயமா இருந்திச்சு. நீங்க சொல்லுங்க, அது ஜூட்னு சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பாங்க."

பொய் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது என்றுதான் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா டீ கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அக்கா, ஆஸ்பத்திரியில பேரு, நம்பரு எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பாங்க. மாறவே மாறாது. சர்டிபிகேட் இருக்குதே."

"சர்டிபிகேட்டுக்கு மொகம் கெடையாது" என்றார் அக்கா.

"அது கதைக்கா."

"தெரியும் தம்பி. கதைன்னு தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல. அங்க போனவரு நீங்க ஒருத்தருதான். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பை குட்டையா இருந்துச்சுன்னு எழுதிக்கிறீங்களே, அது பாத்ததா, எழுதினதா?"

மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை என்று சொன்னால் அது பொய். அந்தக் கதையை எழுதி, அடித்து, திருத்தி, திரும்பவும் எழுதியதில் சுடுகாட்டு வாசல் எனக்குள் அச்சாகிவிட்டது. கண்ணை மூடினால் பை தெரிகிறது, குட்டையாகத்தான் தெரிகிறது. ஆனால் அது அன்று வண்டியில் கிடந்த பையா, என் மேஜையில் நான் செய்த பையா? அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு நடந்தபோது சிரித்தார் என்கிறேன். அதுகூட கண் கண்டதா, கை எழுதியதா என்று எனக்கு நிச்சயமில்லை.

"எழுதினதுக்கா" என்றேன். "பை சரியான அளவுலதான் இருந்துச்சு."

அக்கா என் டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார்.

"போன்ல ஸ்டேபிள் ஸ்டேபிள்னு சொல்வானே ஒருத்தன், அவன் கொரல் மாதிரியே இருக்குது தம்பி" என்றார். பிறகு எழுந்து சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்தார். "சரி. அவரு வர மாட்டாருன்னா அந்த ஃபோம் எதுக்கு? நீங்களே கழட்டிடுங்க."

மூன்று பேரும் படிக்கு வந்தோம். நான் ஸ்டூல்மேல் ஏறினேன். கம்பி துருப்பிடித்திருந்தது. ஃபோமின் நடுவில், தலை பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. குழி என் கண்ணுக்கு நேரே இருந்தது. அண்ணன் உயரம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எவ்வளவு உயரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த உயரத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டு வாசலும் வேறு யாருடையதோ போல இருந்தன. இந்த உடம்பு அந்தப் பைக்குள் எப்படி? கம்பியின் முறுக்கில் விரல் வைத்தேன். திருக வேண்டியதுதான். கம்பெனியில் எத்தனை பெட்டிகள்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். இது ஒன்றை என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியலக்கா" என்றேன், மேலே நின்றபடியே. "பாத்தேனா எழுதினேனான்னு எனக்கே தெரியல. சத்தியமா தெரியல."

மகள் "மாமா!" என்று அதட்டினாள். கெடுத்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இத சொல்ல இத்தினி வருசமா தம்பி?" என்றார். "போன்ல பேசினவனுக்குத் தெரியும். பானை குடுத்தவனுக்குத் தெரியும். டிவியில சொல்றவனுக்குத் தெரியும். இதோ என் பொண்ணுக்கும் தெரியும். அல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. பைத்தியம் புடிச்சிக்கிச்சோன்னு இருந்தேன். தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லி இருந்தா, நானும் தெரியாதுன்னுட்டு என் பாட்டுக்குக் கெடந்திருப்பேன்."

மகள் கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், முட்டாள்போல் பீமைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளோடு வாகட்டுக்குப் போய்விட்டார். போகும்போது வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத் திதி வந்தது, அன்று மகள் போன் செய்தாள். அம்மா படையல் போட்டார்களாம். கறிக்குழம்பு, வடை, அண்ணனுக்குப் பிடித்த சேமியா பாயசம். படத்துக்கு மாலை மட்டும் போடவிடவில்லையாம். அப்போ எதுக்கும்மா படையல் என்று கேட்டதற்கு, "இருந்தாலும் பசிக்கும், இல்லாட்டியும் பசிக்கும்" என்றாராம். ஒருத்தனும் சோறு தின்னாத என் கதைகளை எண்ணி எனக்கே ஆத்திரமாக வந்தது.

டிவியில் சொன்ன அந்த எண்ணை நான் இன்றும் நம்பவில்லை. செத்தாலும் நம்ப மாட்டேன். ஆனால் நான் எழுதியதையும் இப்போது அதே கண்ணால்தான் பார்க்கிறேன். அந்தப் பையைப் பற்றி மறுபடி எழுத உட்கார்ந்தால், எழுத எழுத அது நீள்கிறது, சுருங்குகிறது, ஒருநாளும் ஒரே அளவில் நிற்பதில்லை. பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

பெயிண்டர் படிக்கட்டைக் கடைசியாக முடிக்க வந்தது மகளின் போனுக்குப் பிறகுதான். எதிர்வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது இதைக் கழற்றலாமா என்று ஃபோமைக் காட்டினான். இருக்கட்டும், சுற்றி அடித்துவிடு என்றேன். அவன் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான். நீங்கள் நிமிர்ந்து போனாலும் இடிக்காதே, யாருக்கு இது என்றான்.

எதிர்வீட்டில் உயரமான ஆள் ஒருவர் இருக்கிறார் என்றேன்.