கரடிக்குப் பக்கத்து வீடு

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் புது வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் இயற்கை மியூசியத்தின் தோட்டமும், வாசலில் நிற்கும் சிமென்ட் டைனோசரும் தெரியும். வீடு மாறியதெல்லாம் ஒரு விஷயமா என்கிறீர்களா? வீடு கிடைத்த கதையைக் கேளுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. ஆம்பூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. கதவைத் திறந்தால் லாரி. பிள்ளை ஓடியாட இடமேது? எந்நேரமும் செல்போன்தான். இந்த மியூசியத்துக்குக் கூட்டி வந்தால் மட்டும் போன் ஞாபகமே வராது. பாடம் செய்து நிறுத்தியிருக்கும் கரடியின் முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒருநாள் முடிவு பண்ணிவிட்டேன் — குடியிருந்தால் இதன் பக்கத்தில்தான்.

வேலைக்குத் தினமும் ரயிலில் ஆம்பூர் போய்வர என் வீட்டுக்காரர் சம்மதித்தார். சிக்கல் அந்த வேலையில்தான் இருந்தது. டேனரி... தோல் பதனிடும் இடம். பேரைக் கேட்டாலே ஹவுஸ் ஓனர்களுக்கு மூக்கு சுருங்கிவிடும். "எக்ஸ்போர்ட் கம்பெனின்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார் புரோக்கர்.

வீடு பார்க்கப் போன அன்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை குளித்தார். போதாதென்று, கூட வேலை செய்யும் தோஸ்த் கொடுத்த அத்தரை வேறு தாராளமாகப் பூசிக்கொண்டார். ஓனர் ரிட்டயரான பெரியவர். அடுத்தடுத்துத் தும்மிவிட்டு, "சென்ட் கம்பெனியா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சோறு போடும் வேலையை எதற்கு மறைக்க வேண்டும்? "டேனரி சார்" என்று நானே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே படியிறங்கினார். அதை என்னால் தாங்க முடியவில்லை. இனி அந்த வீட்டை விடுவதில்லை என்று அப்போதுதான் உறுதி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மியூசியத்தில் அதே பெரியவர்! பேத்திக்குக் கரடியைக் காட்டிக்கொண்டிருந்தார். விடுவேனா? பக்கத்தில் போய் வணக்கம் சொன்னேன்.

"சார், இந்தக் கரடி எத்தினி வருஷமா இப்டி நிக்குது?"

"நான் சின்னப் புள்ளயா இருக்கசொல்லவே பாத்திருக்கேம்மா."

"இவ்ளோ கிட்ட நிக்கறீங்களே, நாத்தம் வருதா?"

"இல்லியே..."

"இதும் தோல்தான் சார். பதம் பண்ணாம வுட்டிருந்தா இந்தப் பக்கமே யாரும் வர முடியாது. எங்க வீட்டுக்காரர் செய்றதும் அதான். அழுகிப் போவாம, நாறாம பாத்துக்கற வேலை. வீடு குடுக்கறது உங்க இஷ்டம். குடுக்கலன்னா வேற காரணம் சொல்லுங்க."

பெரியவர் கரடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அவர் பேத்தியும் என் மகளும் கரடிக்குப் பெயர் வைப்பதில் சண்டையே ஆரம்பித்திருந்தார்கள்.

"மாடில துணி காயப் போட்டா சாயங்காலமே எடுத்துடணும்" என்றார் மெதுவாக.

ஹவுஸ் ஓனர் கண்டிஷன் போட ஆரம்பித்துவிட்டால் வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரை மட்டும் சொல்வானேன்? நமக்கெல்லாம் பெல்ட் வேண்டும், ஹேண்ட்பேக் வேண்டும். அதைச் செய்கிற ஆள் மட்டும் பக்கத்து வீட்டில் வேண்டாம்.

சாமான் இறக்கிய அன்று பெரியவர் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார். இன்னும் என்ன கண்டிஷனோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏம்ப்பா, உங்க பக்கம் ரிஜெக்ட் ஆன ஷூ கம்மி வெலைக்குக் கெடைக்குமாமே? ஒம்போது சைஸ்..."

மூக்குக்கு ஆகாதது காலுக்கு ஆகுமாம்!